பாவைகளுக்குப் பின்னணி இசைத்தவர்கள்: 'தி மப்பெட் ஷோ' பாடல் காட்சிகள் உருவான விதம்

பாடல், ஆடல், நகைச்சுவைத் துணுக்கு, வித்தை என வெவ்வேறு உருப்படிகளை ஒரு தொகுப்பாளர் ஒன்றன்பின் ஒன்றாக அறிமுகப்படுத்தி நடத்தும் பல்சுவை நிகழ்ச்சி, பிரிட்டனின் மியூசிக் ஹால் அரங்குகளிலும் அமெரிக்காவின் வாடவில் அரங்குகளிலும் வளர்ந்த மேடை மரபின் தொலைக்காட்சி வாரிசாகும். அமெரிக்காவில் 1948 முதல் 1971 வரை நடந்த எட் சல்லிவன் நிகழ்ச்சியை அந்த வடிவத்தின் உச்சம் என்று கொள்ளலாம். அது நின்று ஐந்தாண்டுகள் கழிந்து, பல்சுவை நிகழ்ச்சியின் காலமே முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி நிறுவனங்கள் கருதத் தொடங்கியிருந்த 1976ஆம் ஆண்டில், தவளைப் பாவை ஒன்றைத் தொகுப்பாளராகக் கொண்டு தொடங்கிய 'தி மப்பெட் ஷோ', 1981 வரை ஐந்து பருவங்களில் 120 பகுதிகளாக வெளிவந்து, நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒளிபரப்பானது. அதன் நகைச்சுவையைப் பற்றியும் பாவைகளின் வடிவமைப்பைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுள்ளது. அதன் இசை எப்படி உருவானது, அந்த இசைக்குப் பாவைகள் எப்படி இசைந்தன என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அந்த நிகழ்ச்சி அரை நூற்றாண்டு கடந்தும் பார்க்கத் தக்கதாக இருப்பதற்கு, பாவைகள் பாடும் பாட்டுதானே என்று யாரும் அங்கே இசையில் கைச்சிக்கனம் காட்டாததே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

நிகழ்ச்சியின் கதைக்களம் ஒரு பழைய நாடக அரங்கம். மேடையில் நடப்பதைக் காட்டும் அதே அளவுக்கு, மேடைக்குப் பின்னால் கெர்மிட் என்னும் அந்தத் தவளை படும் பாட்டையும் அது காட்டியது. அடுத்த உருப்படிக்கு ஆள் வராமல் போவது, மிஸ் பிக்கி என்னும் பன்றிப் பாவை கோபித்துக்கொண்டு கதவை அறைந்து சாத்துவது, மேல்மாடத்தில் அமர்ந்த இரண்டு கிழவர்கள் எல்லாவற்றையும் இகழ்வது என்று திரைமறைவே நாடகமாக்கப்பட்டது. இவ்வாறு புனைந்த திரைமறைவு ஒன்றைக் கண்முன் வைத்ததால், உண்மையான திரைமறைவைப் பற்றிய கேள்வி பார்வையாளர் மனத்தில் எழவே இல்லை. ஒவ்வொரு பாவைக்கும் கீழே கையை உயர்த்தி நின்ற மனிதர்களும், பெரும்பாலும் படப்பிடிப்புக்கு முன்னரே இசையைப் பதிவு செய்துவிட்டுப் போயிருந்த வாத்தியக் கலைஞர்களும் சேர்ந்து இயங்கிய அந்த உண்மையான திரைமறைவு லண்டனுக்கு வடக்கே, ஹெர்ட்ஃபர்ட்ஷயர் மாவட்டத்துப் போரம்வுட் நகரில், ஏடிவி நிறுவனத்தின் எல்ஸ்ட்ரீ படப்பிடிப்பு வளாகத்தில் இருந்தது.

அமெரிக்கப் பாவைக் கலைஞரான ஜிம் ஹென்சனின் நிகழ்ச்சி இங்கிலாந்தில் உருவானதற்கு ஓர் ஒளிபரப்பு விதியும் ஒரு தனிமனிதரின் துணிச்சலும் காரணங்களாயின. 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் சிறுவர் நிகழ்ச்சி 1969இல் தொடங்கிப் பெரும் வெற்றி பெற்றதால், ஹென்சனின் பாவைகள் குழந்தைகளுக்கு உரியவை என்ற எண்ணம் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்களிடம் ஊறிப்போயிருந்தது. 1974இலும் 1975இலும் அவர் எடுத்துக்காட்டிய இரண்டு முன்னோட்ட நிகழ்ச்சிகளுக்குப் பிறகும் எந்தப் பெரிய நிறுவனமும் தொடராக ஏற்க முன்வரவில்லை. அதே சமயம், மாலை முன்னேரத்தின் ஒரு பகுதியைத் தேசிய நிறுவனங்களின் நிகழ்ச்சிகளால் நிரப்பக் கூடாது என்று அமெரிக்க மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் 1971 முதல் விதித்திருந்ததால், அந்த அரைமணி நேரத்துக்கு வெளியிலிருந்து நிகழ்ச்சி வாங்கவேண்டிய கட்டாயம் உள்ளூர் நிலையங்களுக்கு இருந்தது. இந்த இடைவெளியைக் கண்டுகொண்டவர் ஏடிவியின் தலைவர் லூ கிரேட். 1926இல் சார்ல்ஸ்டன் நடனப் போட்டியில் உலகப் பட்டம் வென்று, மேடைக் கலைஞராக வாழ்வைத் தொடங்கி, கலைஞர்களின் முகவராகி, பின்னர் தொலைக்காட்சி அதிபரானவர் அவர். எல்ஸ்ட்ரீயில் வந்து எடுத்தால் பணம் தருகிறேன் என்ற அவருடைய ஏற்பாட்டை ஹென்சன் ஏற்றுக்கொண்டார்.

பணத்தோடும் படப்பிடிப்புத் தளத்தோடும் சேர்ந்து, ஒப்பந்தத்தின் முக்கியப் பலன் என்று அன்று யாரும் எண்ணியிருக்க முடியாத ஒன்றும் ஹென்சனுக்குக் கிடைத்தது. ஏடிவியில் ஜாக் பார்னல் என்னும் இசை இயக்குநரும் அவருடைய இசைக்குழுவும் இருந்தார்கள். 1956 முதல் அந்நிறுவனத்தின் இசைப் பொறுப்பை வகித்த பார்னல், லண்டன் பலேடியம் அரங்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பான ஞாயிறு இரவு நிகழ்ச்சி உட்பட எத்தனையோ பல்சுவை நிகழ்ச்சிகளுக்கு இசை நடத்தியவர். அடிப்படையில் அவர் ஒரு டிரம்ஸ் கலைஞர். பிரிட்டனின் புகழ்பெற்ற பெரிய ஜாஸ் குழுவான டெட் ஹீத் குழுவில் வாசித்தவர். அவர் அக்குழுவை விட்டு விலகியபோது அந்த இருக்கையில் 1951இல் வந்து அமர்ந்தவர் ரோனி வெரல். கால் நூற்றாண்டுக்குப் பிறகு பார்னலின் இசைக்குழுவில் அதே வெரல் டிரம்ஸ் வாசிக்க, இருவரும் சேர்ந்து பாவைகளுக்கு இசை அமைக்க நேர்ந்தது. பியானோவில் டெரிக் ஸ்காட் இருந்தார். நடனக் கூடங்களிலும் வானொலியிலும் மியூசிக் ஹாலின் கடைசிக் காலத்திலும் பயின்ற இத்தகையோருக்கு, தாளில் எழுதிய இசைக்குறிப்பைக் கண்டதும் வாசிப்பதும், ராக்டைம் முதல் ராக் வரை எந்தப் பாணிக்கும் உடனே மாறுவதும் அன்றாடத் தொழில். வாரம் ஒரு விருந்தினர், ஒவ்வொருவருக்கும் வேறுவேறு இசைப்பாணி என்று ஓடிய நிகழ்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான குழு வாய்த்திருக்க முடியாது.

ஹென்சனின் கலையும் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்யப்பட்ட ஒலியைச் சார்ந்தே வளர்ந்தது. 1955இல் வாஷிங்டனின் ஓர் உள்ளூர் நிலையத்துக்காக அவரும் பின்னாளில் அவர் மனைவியான ஜேன் நெபலும் நடத்திய 'சாம் அண்ட் ஃபிரண்ட்ஸ்' என்னும் சிறு நிகழ்ச்சியில், கடையில் கிடைத்த இசைத்தட்டுகளையும் நகைச்சுவைத் தட்டுகளையும் சுழலவிட்டு, அவற்றுக்கு ஏற்பப் பாவைகளை வாயசைக்க வைத்தார்கள். பணமும் நேரமும் இல்லாத இளைஞர்களின் ஏற்பாடுதான் அது. ஆனால் ஒலி மாறாது, உடல்தான் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டில் ஆண்டுக்கணக்காகப் பழகியதால், மூச்சு எடுக்கும் இடம், ஒரு சொல்லின் முன் வரும் தயக்கம், வாத்தியம் புகும் கணத்துக்கு முன் தலை திரும்பும் வேகம் ஆகியவற்றைக் கையாலேயே படிக்கும் திறன் அவருக்கு வந்தது. அந்நாளில் அவர் செய்த இன்னொரு மாற்றமும் இசைக் காட்சிகளுக்கு அடித்தளமானது. கைப்பாவை ஆட்டத்தில் கலைஞரை மறைக்கக் குறுக்கே ஒரு சிறு மேடையை வைப்பது வழக்கம். தொலைக்காட்சியின் சட்டமே மறைப்பாக இருக்கும்போது அந்த மேடை எதற்கு என்று கேட்டு அதை அவர் நீக்கினார். ஒளிப்படக் கருவி காணும் எல்லைக்குக் கீழே எங்கும் கலைஞர் நிற்கலாம் என்றானதும், பாவை திரையின் அகலம் முழுவதும் ஓடவும் ஆடவும் முடிந்தது.

எல்ஸ்ட்ரீயில் ஒரு பகுதி உருவாகப் பொதுவாக ஒரு வாரம் ஆனது. விருந்தினர் வந்து வசனத்தை வாசித்துப் பார்த்தபின், பாடல்கள் முதலில் இசைக்குழுவுடன் ஒலிப்பதிவாகும். அதன்பிறகுதான் காட்சிகள் படமாகும். தமிழ்த் திரைப்படத்தில் பின்னணிப் பாடகர் பாடிய பாட்டைத் தளத்தில் ஒலிக்கவிட்டு நடிகர் வாயசைக்கும் அதே முறை இது என்பதால், தமிழ் வாசகருக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். ஒரு முக்கியமான வேறுபாடும் உண்டு. எல்ஸ்ட்ரீயில் பாடியவரும் வாயசைத்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள். கெர்மிட்டின் குரலும் கையும் ஹென்சனுடையவை, மிஸ் பிக்கியின் குரலும் கையும் ஃபிராங்க் ஆஸுடையவை. பேச்சு வசனங்கள் தளத்திலேயே, கலைஞர் தலையில் மாட்டிய ஒலிவாங்கி வழியாகப் பதிவாயின. பாட்டை மட்டும் பிரித்து முன்கூட்டியே பதிவு செய்ததற்கு நடைமுறைக் காரணம் வலுவானது. கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கி, உடலை வளைத்து, சக கலைஞர்களின் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பவர் சுருதி பிசகாமல் பாடுவது கடினம். ஒரே பாட்டைப் பலமுறை படமாக்கித் துண்டுகளைச் சேர்க்க வேண்டியிருந்ததால் தாளமும் வேகமும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பதும் அவசியமாயிற்று.

அரங்கின் அமைப்பே இந்த உடல் உழைப்பை ஒட்டித் திட்டமிடப்பட்டது. மேடை அலங்காரங்கள் தரையில் இல்லாமல் தூண்களின் மேல் உயர்த்தி அமைக்கப்பட்டன. பாவைக் கலைஞர்கள் கீழே நின்றபடி நடந்து திரிய வேண்டும் என்பதற்காகத் தளம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, அவர்கள் செல்லும் தடங்கள் திறந்து விடப்பட்டன. விருந்தினராக வந்த நட்சத்திரம் பாவையோடு சமமாக நிற்க வேண்டுமானால் அவர் உயரத்தில் அமைத்த பலகையின்மேல் நிற்க வேண்டும், ஓர் அடி பிசகினால் திறந்த தடத்தில் விழ வேண்டியதுதான். கலைஞரின் கண்ணுக்கு எட்டும்படி கீழே ஆங்காங்கே சிறு திரைகள் வைக்கப்பட்டிருக்கும். ஒளிப்படக் கருவி காண்பதை அப்படியே காட்டும் அந்தத் திரையைப் பார்த்துத்தான் கலைஞர் பாவையை இயக்குவார், தலைக்கு மேலிருக்கும் பாவையை அண்ணாந்து பார்ப்பதே இல்லை. அந்தத் திரை கண்ணாடியைப் போல இடம் வலம் மாற்றிக் காட்டாததால், தன் கை போகும் பக்கத்துக்கு நேர் எதிராகப் பாவை திரையில் நகர்வதைப் புதிதாக வருபவர் கண்டு தடுமாறுவார். இந்தத் தலைகீழ்ப் பார்வையைக் கடந்து, நடிப்பவரே அதே கணத்தில் தன் நடிப்பின் பார்வையாளராகவும் ஆகிவிடும் நிலை இந்த முறையில் கிடைக்கிறது. வேறு எந்த நடிப்புக் கலையிலும் இத்தகைய வசதி அந்நாளில் இல்லை. மப்பெட் பாடல் காட்சிகளில் பாவையின் பார்வை ஒருபோதும் தவறான இடத்தில் விழாமல் இருப்பதன் இரகசியம் இதுவே.

வாயசைப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. கைப்பாவையின் வாயைத் திறக்கத் தெரியாதவர் நான்கு விரல்களையும் மேலே தூக்குவார். உடனே பாவையின் தலை பின்னுக்குச் சாய்ந்து, கண்கள் விட்டத்தைப் பார்க்கும், ஒவ்வோர் அசைக்கும் தலை வெட்டி வெட்டி ஆடும். ஹென்சனின் முறையில் விரல்கள் அசையாமல் நிற்க, கட்டைவிரல் மட்டும் கீழே இறங்கித் தாடையைத் திறக்கும். மனிதத் தாடை இயங்குவதும் அப்படித்தான். பேச்சில் ஒவ்வோர் அசைக்கும் ஒரு திறப்பு போதும், பாட்டில் அது போதாது. நீண்டு ஒலிக்கும் உயிரெழுத்தில் வாய் திறந்தே நிற்க வேண்டும், அதன் முடிவில் மெல்ல மூட வேண்டும், குரல் நடுங்கும் இடத்தில் மணிக்கட்டு சற்றே அதிர வேண்டும், அடுத்த வரிக்கு முன் பாவையின் மார்பு உயர்ந்து மூச்சு வாங்குவதுபோல் முழங்கை எழ வேண்டும். கெர்மிட்டின் தலைக்குள் கடினமான அச்சு எதுவும் கிடையாது. மெல்லிய துணிக்குள் கலைஞரின் கையே முகமாக இருப்பதால், உள்ளங்கையைச் சுருக்கினால் முகம் சுருங்கும். ஒரு மென்மையான பாட்டில் கெர்மிட்டின் முகத்தில் தோன்றும் தயக்கத்துக்கு, ஹென்சனின் விரல் மூட்டுகளே காரணம்.

வாத்தியம் வாசிக்கும் பாவைகள் இதைவிடப் பெரிய சிக்கல். ரோல்ஃப் என்னும் பியானோ வாசிக்கும் நாய், 1960களில் ஜிம்மி டீன் நிகழ்ச்சியிலேயே அமெரிக்கர்களுக்கு அறிமுகமானது. அதன் கைகள் கம்பியால் இயக்கப்படுபவை அல்ல, உள்ளே மனிதக் கை நுழைந்தவை. ஹென்சனின் வலக்கை ரோல்ஃபின் தலையாகவும் இடக்கை அதன் இடக்கையாகவும் இருக்க, வலக்கைக்கு இன்னொரு கலைஞர் தம் கையைத் தர வேண்டும். ஜிம்மி டீன் காலத்தில் ஃபிராங்க் ஆஸ் அந்தப் பணியைச் செய்தார். ஆக, ஒரே பியானோ இசையை மூன்று பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். டெரிக் ஸ்காட்டின் விரல்கள் ஒலிப்பதிவில் வாசித்ததை, இரண்டு வேறு மனிதர்களின் கைகள் ஒரே உடம்பின் இரு கைகளைப் போலத் திரையில் நடிக்க வேண்டும். ரோமம் போர்த்திய தடித்த பாதங்கள் ஒவ்வொரு கட்டையையும் தனியே தொடுவதாகக் காட்ட முடியாது என்பதால், நம்பகத்தன்மை தோளிலும் கழுத்திலும் தேடப்பட்டது. இடக்கை தாழ்ந்த சுரத்துக்குப் போகும்போது உடல் அந்தப் பக்கம் சாய்வதும், ஒரு சொற்கட்டு முடிகையில் தலை சற்றே பின்வாங்குவதும் பியானோ கலைஞர்கள் உண்மையில் செய்பவை. கரடிப் பாவையான ஃபாஸியும் ரோல்ஃபும் அருகருகே அமர்ந்து பியானோ வாசிக்கும் உருப்படியில், இரண்டுமே மனிதக் கை நுழைந்த பாவைகள் என்பதால், ஒரு பியானோவின் பின்னால் குறைந்தது நான்கு பேர் நெருங்கி நிற்க வேண்டியிருந்தது. பார்ப்பவருக்கு அங்கே தெரிவது ஒரு பழகிய கலைஞனும் ஒரு பயந்த மாணவனும் மட்டுமே.

அரங்கின் வாத்தியக் குழுவாகக் கதைக்குள் வருவது எலக்ட்ரிக் மேஹெம் என்னும் ராக் குழு. விசைப்பலகையில் டாக்டர் டீத்தாக ஹென்சனும், பேஸ் கித்தாரில் ஃப்ளாய்டாக ஜெரி நெல்சனும், கித்தார் வாசிக்கும் ஜானிஸாகப் பெரும்பாலான பகுதிகளில் ரிச்சர்ட் ஹன்ட்டும், சாக்ஸபோன் வாசிக்கும் ஸூட்டாக டேவ் கோல்ஸும், டிரம்ஸ் வாசிக்கும் அனிமலாக ஃபிராங்க் ஆஸும் அதில் இருந்தனர். அனிமல் என்பது கட்டுக்கடங்காத வெறியின் உருவம். அதன் பேச்சு ஓரிரு சொற்களில் முடிந்துவிடும். அதன் உண்மையான பேச்சு டிரம்ஸ்தான், அந்தப் பேச்சைப் பேசியவர் ரோனி வெரல். தாளம் தவறி வாசிப்பதுபோல் ஒரு குணச்சித்திரத்தை வாசித்துக் காட்ட, தாளம் கைக்குள் அடங்கியவரால்தான் முடியும். முதல் பருவத்தில் ரீட்டா மொரேனோ 'ஃபீவர்' பாடலைத் தாழ்ந்த குரலில், இடைவெளி விட்டுவிட்டுப் பாடும் காட்சி இதற்குச் சிறந்த சான்று. அந்தப் பாடல் மௌனத்தால் ஆனது. சில சுரங்களும் பாடகியின் குரலும் தவிர வேறொன்றும் தேவைப்படாத அந்த மௌனத்துக்குள், அனிமல் பொறுமையிழந்து இடியாய் ஓர் உருட்டு உருட்டுகிறது. பாடகி திரும்பி முறைக்கிறார், மீண்டும் தொடங்குகிறார், மறுபடியும் உருட்டு. நகைச்சுவையின் முழுச்சுமையும் அந்த உருட்டுகள் எந்த அரைக் கணத்தில் விழுகின்றன என்பதில் இருக்கிறது. சற்று முந்தினால் அது பாட்டோடு கலந்துவிடும், சற்றுப் பிந்தினால் வெறும் சத்தமாகிவிடும். இறுதியில் மொரேனோ இரண்டு சிம்பல்களுக்கு நடுவே அனிமலின் தலையை வைத்து அறைவதோடு காட்சி முடிகிறது. அந்தப் பகுதிக்காக 1977இல் அவருக்கு எம்மி விருது கிடைத்தது. ஆஸ்கர், கிராமி, டோனி விருதுகளை ஏற்கெனவே பெற்றிருந்த அவர், அதன்மூலம் நான்கு பெரிய அமெரிக்கக் கலை விருதுகளையும் வென்ற மிகச் சிலருள் ஒருவரானார்.

கடைசிப் பருவத்தில் வந்த பட்டி ரிச், உலகின் தலைசிறந்த ஜாஸ் டிரம்ஸ் கலைஞர்களுள் ஒருவர். அவரோடு அனிமல் மோதும் போட்டியிலும் பாவையின் பக்கத்து வாசிப்பு வெரலுடையதே. தோல்வியை ஏற்க மாட்டாத அனிமல் ஒரு டிரம்மைத் தூக்கி ரிச்சின் தலையில் கவிழ்ப்பதைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர், அந்தச் சிரிப்புக்கு முன் சில நிமிடங்கள் இரு பெரும் கலைஞர்களின் உண்மையான தாளப் போட்டியைக் கேட்டோம் என்று உணர்ந்திருப்பார்கள்? வேடிக்கைக்காக வைத்த போட்டி என்று அதில் வாசிப்பின் தரம் குறைக்கப்படவில்லை.

விருந்தினர்கள் முதற்பருவத்தில் தயங்கித் தயங்கித்தான் வந்தார்கள். பாவைகளோடு ஆடுவது தங்கள் மதிப்பைக் குறைக்குமோ என்ற அச்சத்தைப் போக்கியவர், இரண்டாம் பருவத்தில் வந்த பாலே மேதை ருடால்ஃப் நுரேயெவ் என்று பலரும் ஒப்புக்கொள்கின்றனர். 'ஸ்வான் லேக்' பாலேயைப் பகடி செய்த உருப்படியில் அவரோடு ஆடிய பெரிய பன்றிக்குள் இருந்தவர் லண்டன் ராயல் பாலேயைச் சேர்ந்த கிரஹாம் ஃப்ளெட்சர். தூக்குவதும் சுழற்றுவதும் முறையான பாலே அசைவுகளாக இருந்ததால்தான் அந்தப் பகடி நின்றது. இசையில் கடைப்பிடித்த கொள்கையே நடனத்திலும் கடைப்பிடிக்கப்பட்டது, அதாவது பகடி செய்பவர் மூலக்கலையில் தேர்ந்தவராக இருக்க வேண்டும்.

இத்தொடரின் பாடல் காட்சிகளுள் மிக உயர்ந்தது எது என்று கேட்டால், ஹாரி பெலஃபான்டே மூன்றாம் பருவத்தில் பாடிய 'டர்ன் தி வேர்ல்ட் அரவுண்ட்' என்று சொல்வதில் தயக்கம் தேவையில்லை. ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் கேட்ட ஒரு கதையிலிருந்து அப்பாடல் பிறந்ததாக அவரே காட்சியின் தொடக்கத்தில் விளக்குகிறார். நெருப்பு, நீர், மலை ஆகியவற்றிலிருந்து வந்தவர்கள் நாம் என்பது அதன் கரு. ஆப்பிரிக்க முகமூடிகளை ஒத்த பாவைகள் இப்பாடலுக்கென்றே செய்யப்பட்டன. எந்த ஒரு மக்களின் சமயச் சின்னத்தையும் கேலிப்பொருளாக்கிவிடக் கூடாது என்பதில் பெலஃபான்டே கவனமாக இருந்தார், ஹென்சனும் அதற்கு உடன்பட்டு நேரம் செலவிட்டார். அந்தப் பாவைகளின் முகம் அசையாது, வாய் திறக்காது. வாயசைப்பு என்னும் தம் தலையாய கருவியையே இங்கே ஹென்சன் கைவிட்டார் என்பது கவனிக்கத்தக்கது. முகமூடி ஆட்டத்தின் இலக்கணப்படி, தலையைச் சாய்ப்பதும் முன்னே நீட்டுவதும் ஒளியை ஏற்பதும் மட்டுமே அவற்றின் நடிப்பு. தாளம் ஒழுங்கான நான்கின் கட்டுக்குள் அடங்காமல் குறைந்தும் கூடியும் சுழல்வதால், பாவைகளின் உடல் அந்தச் சுழற்சியைத் தாங்கிச் செல்ல வேண்டியிருந்தது. சிரிக்க வைக்கும் நோக்கம் எதுவுமின்றி, ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் நடுவில் இப்படி ஓர் உருப்படியை வைக்கும் தன்னம்பிக்கை அன்றைய தொலைக்காட்சியில் அரிது. 1990 மே மாதத்தில் நியூயார்க்கின் செயின்ட் ஜான் தேவாலயத்தில் ஹென்சனின் நினைவஞ்சலி நடந்தபோது, பெலஃபான்டே அங்கே வந்து பாடியது இதே பாடலைத்தான்.

விருந்தினர் இல்லாத பாடல்களில் குழு எடுத்துக்கொண்ட சுதந்திரம் வேறுவகையானது. ஜிம் குரோச்சியின் 'டைம் இன் எ பாட்டில்' ஒரு காதல் பாட்டு. அதை முதுமையிலிருந்து மீள மருந்து தேடும் ஒரு கிழ வேதியியலாளரின் பாட்டாக மாற்றினார்கள். ஒவ்வொரு குப்பியையும் குடித்ததும் அவர் சற்றே இளமையாகிறார், கடைசி மருந்தில் முன்னைவிடவும் முதியவராகிறார். ஒரு சொல்கூட மாறாமல் பாட்டின் பொருள் முழுதும் மாறிவிடுகிறது. வயதுக்கு ஒன்றாகப் பல பாவைகளைச் செய்து, ஒரே இடத்தில் ஒரே நிலையில் நிறுத்தித் தனித்தனியே படமெடுத்து இணைக்க வேண்டியிருந்தது. இசை முன்கூட்டியே நிலைபெற்றிருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. 'ஃபார் வாட் இட்ஸ் வொர்த்' என்ற 1960களின் எதிர்ப்புப் பாடலைக் காட்டு விலங்குகள் பாட, வேடர்கள் துப்பாக்கியோடு குறுக்கிடும் காட்சியில் சில வரிகளே மாற்றப்பட்டு, அது வேட்டைக்கு எதிரான குரலாயிற்று.

எல்லாமே இந்தத் தரத்தில் இருந்தன என்று சொல்வதற்கில்லை. பாட்டின் தலைப்பில் உள்ள ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, அதற்கேற்ற ஒரு விலங்கைப் பாடவைத்து முடித்துவிடும் உருப்படிகள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு. தளத்தில் பார்வையாளர்கள் இல்லாததால் பின்னர் சேர்க்கப்பட்ட சிரிப்பொலியும் சில நல்ல பாடல்களின் அமைதியைக் குலைக்கிறது. முதற்பருவத்தின் பல காட்சிகளில் பாவைகளும் இன்னும் முழு வடிவம் பெறவில்லை, அவற்றை இயக்கியவர்களும் அந்த அரங்குக்குப் பழகவில்லை.

பிரிட்டனின் பங்கு இசைக்குழுவோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவைவிட அங்கே விளம்பர நேரம் குறைவு என்பதால், பிரிட்டிஷ் ஒளிபரப்புக்காக ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட ஓர் உருப்படி கூடுதலாக எடுக்கப்பட்டது. அது பெரும்பாலும் ஒரு பாடலாகவே அமைந்தது. அந்த இடத்தில் பழைய மியூசிக் ஹால் பாட்டுகள் நிறைய இடம்பெற்றன. அமெரிக்கப் பார்வையாளர்கள் அறியாத, பிரிட்டிஷ் பாட்டிமார்கள் மனப்பாடமாகப் பாடிய அப்பாடல்கள் பார்னல் குழுவினருக்குத் தாய்வீட்டுச் சொத்து. கெர்மிட்டின் உடன்பிறப்பின் மகனாக வரும் ராபின் என்னும் சின்னத் தவளை, படிக்கட்டின் நடுவில் அமர்ந்து பாடிய ஏ.ஏ. மில்னின் குழந்தைக் கவிதை, ஜெரி நெல்சன் குரலில் 1977இல் இசைத்தட்டாக வெளிவந்து பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 7ஆம் இடம் பெற்றது. அதே ஆண்டு நிகழ்ச்சியின் முதல் இசைத்தொகுப்பு அந்நாட்டின் தொகுப்புப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. பாவைகளைப் பார்க்காமல் கேட்க மட்டும் செய்தாலும் அந்த இசை நின்றது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

இசையின் இந்தச் செழுமையே பின்னாளில் நிகழ்ச்சியின் பாதுகாப்புக்குத் தடையாகவும் ஆயிற்று. பிறர் இயற்றிய ஒரு பாடலை ஒளிபரப்ப ஓர் உரிமம் போதும், வீட்டில் பார்க்கும் வட்டாக விற்பதற்குத் தனி உரிமம் வேண்டும். 1970களில் எழுதிய ஒப்பந்தங்களில் இதெல்லாம் கருதப்படவில்லை. மப்பெட்டுகள் என்னும் ஹென்சனின் பாவைகளை 2004இல் டிஸ்னி நிறுவனம் வாங்கியபின் 2005 முதல் 2008 வரை முதல் மூன்று பருவங்கள் டிவிடியாக வந்தன. முதல் பருவத்தில் உரிமம் கிடைக்காத சில பாடல்கள் வெட்டப்பட்டிருந்தன. மற்ற இரண்டு பருவங்கள் டிவிடியாக வெளிவரவே இல்லை. 2021 பிப்ரவரியில்தான் டிஸ்னி பிளஸ் இணையத் தளத்தில் ஐந்து பருவங்களும் ஒருங்கே கிடைத்தன, அப்போதும் இரண்டு பகுதிகள் விடுபட்டிருந்தன.

எல்ஸ்ட்ரீ வளாகத்தை 1984இல் பிபிசி வாங்கியது. ரோனி வெரல் 2002இலும் ஜாக் பார்னல் 2010இலும் காலமானார்கள். அனிமல் டிரம்ஸ் வாசிக்கும் காட்சிகள் இன்று இணையத்தில் நாள்தோறும் பகிரப்படுகின்றன, அவற்றில் ஃபிராங்க் ஆஸின் பெயராவது அவ்வப்போது குறிப்பிடப்படுகிறது. அந்தத் தாளத்தை வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தொலைக்காட்சி இசையின் வரலாற்றை எழுத முற்படுகிறவர்கள், ஹென்சன், ஆஸ் ஆகியோரின் பெயர்களுக்கு அருகில் பார்னல், வெரல், ஸ்காட் ஆகிய மூவரின் பெயர்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.